எந்த இடத்துக்கு எந்த வாசனை? முதன்முதலாக சென்ட் வாங்குபவர்களுக்கு

சென்ட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எது நல்ல வாசனை?" என்றுதான் கடைக்காரரிடம் கேட்கிறார்கள். அதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப் போகிறேன், அங்கே என் பக்கத்தில் எவ்வளவு நெருக்கமாக ஆட்கள் இருப்பார்கள்? நம் ஊர் வெயிலில் வாசனை வேகமாக ஆவியாகும். கடையின் ஏசியில் மென்மையாகத் தெரிந்த அதே சென்ட், மே மாத மதியத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்குத் தலைவலியைக் கொடுத்துவிடும்.

படி 1: பாட்டிலில் எழுதியிருப்பதைப் பாருங்கள்

ஓ டி பர்ஃபம் (இடிபி) என்றால் வாசனைப் பொருள் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம். ஓ டி டாய்லெட் (இடிடி) 5 முதல் 15. கொலோன் அதைவிடக் குறைவு. மீதி பெரும்பாலும் ஆல்கஹால். கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவு மாறும். பகல் நேரத்துக்கு இடிடி போதும் என்பது என் கருத்து.

அத்தர் வேறு ரகம். அதில் ஆல்கஹால் கிடையாது, எண்ணெய்தான். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் பூவைச் செம்பு அண்டாவில் தண்ணீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தன எண்ணெயின் விலை ஏறியதால் இப்போது வேறு எண்ணெய்களிலும் இறக்குகிறார்கள். அதனால் மிகக் குறைந்த விலையில் "அசல் சந்தன அத்தர்" என்று யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள்.

படி 2: தோலில் போட்டு, காத்திருங்கள்

அட்டையில் அடித்து முகர்ந்தவுடன் பில் போட்டுவிடாதீர்கள். முதலில் வருவது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான வாசனை. கால் மணி நேரத்தில் அது போய்விடும். அப்புறம் பூ, மசாலா வாசனைகள் வரும். கடைசியில் மரம், பிசின், கஸ்தூரி மாதிரியான கனமான வாசனை தங்கும். நீங்கள் நாள் முழுக்கச் சுமக்கப் போவது கடைசியில் தங்கும் அதைத்தான். மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் மூக்குக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

படி 3: இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

ஆபீசுக்கு எலுமிச்சை வகை, லேசான மர வாசனை, அல்லது வெட்டிவேர். நான் முதலில் சொல்வது வெட்டிவேரைத்தான். ஜன்னலில் தட்டியாகவும் பானைத் தண்ணீரிலும் நாம் தலைமுறையாக அனுபவித்த வாசனை அது. உலகம் முழுக்க சென்ட் பாட்டில்களில் இருக்கும் 'வெட்டிவர்' என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனது. வியர்வையோடு கலந்தாலும் அது திகட்டுவதில்லை.

கல்யாணத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். காலை முகூர்த்தத்தில் ஏற்கெனவே ஹோமப் புகை, சந்தனம், பன்னீர், தலை நிறைய மல்லிகை எல்லாம் இருக்கும். அங்கே பழ வாசனையோ சாக்லேட் வாசனையோ போட்டுப் போனால் எல்லாம் மோதிக்கொள்ளும். மல்லிகைப்பூ வைத்துக்கொள்பவர்கள் மல்லிகை சென்ட் போடவே வேண்டாம். உண்மைப் பூவின் பக்கத்தில் பாட்டில் மல்லிகை பொய்யாகத் தெரியும். சந்தன அடிப்படை உள்ளது ஒரு சொட்டு போதும், அது பூவோடு ஒத்துப்போகும். மாலை ரிசப்ஷன் ஏசி மண்டபத்தில் என்றால் தாராளமாக ஊத் (அகில் கட்டை வாசனை), வெனிலா, ஆம்பர் (பிசின் கலந்த இனிப்பு வாசனை) போன்ற கனமானவற்றைப் போடலாம்.

பட்டு உடுத்துவதற்கு முன்பே சென்ட் போட்டுவிடுங்கள். ஆல்கஹாலும் எண்ணெயும் பட்டில் கறையாக நிற்கும், முத்து நகையின் பளபளப்பும் கெடும்.

துக்க வீடு, ஆஸ்பத்திரி, தேர்வு அறை: எதுவும் போடாமல் போங்கள். நோயாளிக்குக் குமட்டல் வரலாம், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டலாம்.

படி 4: போடும் முறை

குளித்து, துடைத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிய தோலில் அதிக நேரம் நிற்கும். காதின் பின்புறம், முழங்கை மடிப்பு என்று இரண்டு இடம் போதும். வெயிலில் போகிற நாளில் கழுத்தில் நேராக அடிக்காதீர்கள். பெர்கமாட் போன்ற சில சிட்ரஸ் எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலில் கருப்புத் திட்டு உண்டாக்கக்கூடும். சட்டையின் உட்புறம் அடிக்கலாம்.

அரை மணி நேரத்தில் உங்களுக்கு வாசனை தெரியாமல் போகும். தீர்ந்துவிட்டது என்று மறுபடி அடிக்காதீர்கள். உங்கள் மூக்குதான் பழகிவிட்டது, எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒருவரை முகரச் சொல்லுங்கள்.

படி 5: சின்ன பாட்டிலில் தொடங்குங்கள்

முதல் முறையே 100 மில்லி வேண்டாம். 10 மில்லி கிடைத்தால் அதை வாங்கி ஒரு வாரம் போடுங்கள். அதில் ஒரு நாளாவது பஸ்ஸிலோ ரயிலிலோ போகிற நாளாக இருக்கட்டும். பிடித்திருந்தால் பெரியது வாங்கி, பாத்ரூம் அலமாரியில் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள். சூடும் வெளிச்சமும் ஈரப்பதமும் படாத இடம் அதுதான்.