நாற்பதில் பட்டப்படிப்பா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

மதுரையில் இருந்துகொண்டு காமராசர் பல்கலையிலோ இக்னோவிலோ தொலைநிலையில் சேரும் முன், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சேர்க்கைக்குக் கட்டாயமான டெப் ஐடி (தொலைநிலை மாணவருக்கான யுஜிசி எண்), ஏபிசி ஐடி (படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) இரண்டும் ஆதாரை ஒட்டியே உருவாகின்றன. பல்கலை பார்ப்பதோ பள்ளிச் சான்றிதழை. கல்யாணத்துக்குப் பின் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் ஏறியிருக்கும் பெண்களுக்கு இங்கேதான் விண்ணப்பம் சிக்கும். பழைய இனிஷியலோடு பான் கார்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், அதைக் கொண்டு தபால் நிலைய ஆதார் மையத்தில் ஆதார் பெயரை முதலில் திருத்திவிடுங்கள். ஆதாரில் ஆயுளுக்கும் இரண்டே முறைதான் பெயர் மாற்றலாம். ரசீதில் ஸ்பெல்லிங்கைச் சரிபார்த்த பிறகே நகருங்கள். கெசட்டில் (அரசிதழில்) முறைப்படி பெயர் மாற்றி, ஆதாரிலும் அதே பெயர் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஆதாரைத் தொடாமல் விண்ணப்பத்தோடு கெசட் நகலை இணைக்க வேண்டும்.