ஆரி ஒர்க் முதல் பாடம்: கீழ இருக்கற கைய பாருங்க

கல்யாண சீசன்ல சென்னைல எந்த டைலர் கடைக்கு போனாலும் ஆரி ஒர்க் ப்ளவுஸ்தான், ரேட்ட கேட்டா தலை சுத்தும். ஆனா அத்தனைக்கும் அடிப்படை செயின் ஸ்டிச் ஒண்ணுதான். குஜராத்ல கட்ச் பக்கம் தோல் தைக்கற மோச்சிங்க தங்களோட கொக்கி ஊசிய துணிக்கு கொண்டு வந்து வளர்த்த எம்பிராய்டரி வேலை இது, 18ஆம் நூற்றாண்டுல ஐரோப்பா வரைக்கும் போயிடுச்சு.

முதல்ல சாமான். சௌகார்பேட்டை, பாரிஸ் கார்னர் பக்கம் போனா எல்லாமே கிடைக்கும், அதுக்காக முதல் நாளே மணி, ஸ்டோன், சமிக்கின்னு பைய ரொப்பிட்டு வராதீங்க. நுனில கொக்கி இருக்கற ஆரி ஊசி ஒண்ணு, 10 இல்ல 12 இன்ச் மர ரிங், வெளிர் கலர் காட்டன் துணி அரை மீட்டர், நல்லா எடுப்பா தெரியற கலர்ல பட்டு நூல், அவ்ளோதான். ஜரி இப்ப வேணவே வேணாம், கொக்கில மாட்டி பிரிஞ்சு பிரிஞ்சு வரும், அதோட நம்ம ஊரு மே மாச வேர்வை கைல பட்டு பட்டு கறுத்தும் போயிடும்.

ரிங்கோட உள் வளையத்துல பழைய காட்டன் துணிய நாடாவா கிழிச்சு சுத்திட்டு மாட்டுங்க, துணி நழுவாது. விரலால தட்டினா டம்முனு சத்தம் வரணும், தொளதொளன்னு இருந்தா ஊசி துணியையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வரும். ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும்ங்கறதால ஸ்டாண்ட் இல்லாதவங்க ரிங்க டேபிள் ஓரத்துல பாதி வெளிய நீட்டி, டேபிள் மேல இருக்கற பக்கம் கனமா நாலு புக்க வெச்சிடுங்க.

இன்னொரு வேலை, ஊசில கொக்கி எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு பாத்து கைப்பிடில அதே பக்கம் நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வைங்க. ஊசி துணிக்குள்ள போனப்புறம் கொக்கி கண்ணுக்கு தெரியாது, இந்த புள்ளிதான் வழி சொல்லும்.

இப்ப தையல். நூல் துணிக்கு கீழ, இடது கைல. நுனில ஒரு முடிச்சு போட்டுக்கோங்க. ஊசிய நேரா, சாயாம, புள்ளி நீங்க போற திசைய பாக்கற மாதிரி குத்துங்க. கீழ இடது கை நூல ஊசில ஒரு சுத்து சுத்தணும். அப்புறம் ஊசிய அரை வட்டம் திருப்புங்க, புள்ளி இப்ப பின்னாடி பாக்கும், ஊசியோட வழவழ முதுக முன்பக்கமா லேசா அழுத்திக்கிட்டே மேல தூக்குங்க, நூல் ஒரு வளையமா வரும். அந்த வளையம் ஊசிலயே இருக்கட்டும், புள்ளிய மறுபடி முன்னாடி திருப்பி, கொஞ்சம் தள்ளி அடுத்த குத்து, மறுபடி சுத்து, திருப்பு, தூக்கு. புது வளையம் பழசுக்குள்ள புகுந்து வந்துச்சுன்னா செயின் ஆரம்பிச்சாச்சு.

எல்லாரும் மேல ஊசிய திருப்பறதையே உத்து உத்து பாப்பாங்க, ஆனா வேலை நடக்கறது கீழதான். வளையம் வரலையா, கொக்கி துணில மாட்டுதா, செயின் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா, பாதிக்கு மேல காரணம் இடது கை நூல தொங்க விட்டதுதான். லேசா இழுத்து புடிச்சு வைங்க, ஆனா இறுக்கிடாதீங்க, துணி சுருங்கிடும்.

இன்ச்சுக்கு 10-12 செயின் வந்தா நல்லாருக்கும். நேர் கோடு, அப்புறம் வளைவு, அப்புறம் மூலை.

முடிக்கறப்ப அப்படியே நூல வெட்டிட்டீங்கன்னா ஒரு இழுப்புல மொத்த செயினும் சரசரன்னு பிரிஞ்சு வந்துடும். கடைசி குத்து குத்தறதுக்கு முன்னாடி கீழ நூல ரெண்டு இன்ச் விட்டு வெட்டிட்டு, அந்த வாலையே கொக்கில மாட்டி முழுசா மேல இழுத்துடுங்க. வால் கடைசி வளையத்துக்குள்ள வந்து பூட்டிக்கும். அப்புறம் அத சாதா ஊசில கோத்து வளையத்துக்கு வெளிய குத்தி அடிப்பக்கம் தள்ளி, ஒரு சின்ன முடிச்சு போட்டு வெட்டுங்க.

செயின் ஒழுங்கா வராம மணிக்கு தாவாதீங்க, மூணாவது நாளே ஸ்டோன் வெக்க சொல்ற கிளாஸ் எல்லாம் எனக்கு சரியாவே படல.

உங்களுக்கு கை வந்தாச்சு, பக்கத்து வீட்டு அக்கா "எனக்கும் சொல்லி குடேன்"னு வந்து நிக்கறாங்களா? காட்டன் துணிய எடுத்து வெச்சிட்டு ரிங்ல வெள்ளை ஆர்கன்சா மாட்டுங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ உங்க விரல் நூல எப்படி சுத்துதுன்னு மேலேந்தே தெரியும், பத்து நிமிஷம் அத மட்டும் பாக்கட்டும். அப்புறம் ஊசிய நீங்களே புடிச்சுக்கிட்டு, கீழ நூல் சுத்தற வேலைய மட்டும் அவங்க கைல குடுங்க. அது பழகினதும் ஊசி அவங்களுக்கு, நூல் உங்களுக்கு. ரெண்டும் தனித்தனியா பழகினவங்களுக்கு சேர்த்து செய்யறப்ப தடுமாற்றம் கம்மியா இருக்கும்.

இடது கை பழக்கம் உள்ளவங்கன்னா பக்கத்துல உக்கார வெக்காதீங்க, எதிர்ல உக்கார வைங்க. உங்க வலது கைய பாத்து அவங்க இடது கைல அப்படியே செஞ்சுடுவாங்க.