சிறிய ஜாஸ் கிளப்பில் இசை கேட்கச் செல்வோர் செய்யும் தவறுகள்

அறுபது எழுபது பேர் மட்டுமே அமரக்கூடிய ஜாஸ் கிளப்பில், மேடைக்கும் முதல் மேசைக்கும் இடையே பெரும்பாலும் நான்கைந்து அடி தூரம்தான் இருக்கும். ஒலிபெருக்கியின் துணையின்றியே சாக்ஸபோன் அந்த அறையை நிறைத்துவிடும். கேட்பவரின் கிசுகிசுப்பும் அதே எளிமையுடன் வாசிப்பவரின் காதுக்குச் சென்றுவிடும். இதை மறந்து, அந்த இடத்தைப் பெரிய அரங்கம் என்றோ, பின்னணியில் ஏதோ பாட்டு ஒலிக்கும் மதுக்கூடம் என்றோ எண்ணிக்கொள்வதிலிருந்தே மற்ற தவறுகள் பிறக்கின்றன.

மேடையை ஒட்டிய மேசைதான் சிறந்தது என்று அதற்காக முந்துவது முதல் தவறு. டிரம்ஸின் சிம்பலுக்கு (உலோகத் தட்டுக்கு) நேர் எதிரே அமர்பவருக்கு மற்ற வாத்தியங்கள் பாதிதான் கேட்கும். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் ஒரு கணக்கு உண்டு. அதன்படி, ஒலி 94 டெசிபலைத் தொட்டால் மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஒரு செட், அதாவது இடைவேளை வரை தொடர்ந்து வாசிக்கும் பகுதி, நீடிப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். சுவரோரமும் மூலையும் இதற்கு நேர்மாறான தொல்லை தரும்: அங்கே தாழ்ந்த சுருதி ஒலிகள் தேங்குவதால், டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பி வெறும் முழக்கமாகிவிடும். என்னைக் கேட்டால், அறையின் நடுப்பகுதியில், மேடையைப் பார்த்தவாறு சற்றே இடப்புறம் அமர்வேன். கிராண்ட் பியானோவை வழக்கமாக வைக்கும் முறையில், வாசிப்பவரின் விரல்கள் அங்கிருந்துதான் தெரியும்.

இடத்தைவிடப் பெரிய இழப்பு, வாசிப்பின் அமைப்பை அறியாமல் கேட்பது. ஜாஸ் என்றால் மனம் போன போக்கில் வாசிப்பது என்று நினைப்பவர்கள் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். உண்மையில், முதலில் மெட்டு முழுமையாக வாசிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் எட்டெட்டாகப் பிரிந்த 32 பார்கள் (பார் என்பது பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட தாள அளவு) கொண்டதாகவோ, 12 பார் ப்ளூஸாகவோ இருக்கும். அதன் பிறகு ஒவ்வொருவரும் மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் அதே கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையின் மீது, சுற்றுக்குச் சுற்று புதிதாகக் கற்பனை செய்கிறார்கள்; இதுவே சோலோ. முடிவில் மெட்டு திரும்புகிறது. சோலோ நடக்கும்போது அந்த மெட்டை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். வாசிப்பவர் எங்கே அதை ஒட்டிப் போகிறார், எங்கே வேண்டுமென்றே விலகுகிறார் என்பது அப்போது புலப்படும்.

இந்த அமைப்பு தெரிந்தால் கைதட்டலிலும் குழப்பம் வராது. சோலோ முடிந்ததும் தட்டுவதே மரபு. பாடல் முடியும் வரை அடக்கிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அடுத்து வாசிப்பவரின் முதல் இசைத்தொடர் கரவொலியில் மூழ்கிவிடக் கூடாது. தாளத்தோடு சேர்ந்து தட்டுவதானால், நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். நான் பழைய பழக்கத்தில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. என்னைத் திருத்த டிரம்மரின் பார்வையே போதுமானதாக இருந்தது.

பேச்சைப் பற்றி முழு உடன்பாடு என்றும் இருந்ததில்லை. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் 1961 ஜூன் 25 அன்று பியானோ கலைஞர் பில் எவன்ஸ் குழுவினர் வாசித்ததன் ஒலிப்பதிவில் கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் பேச்சொலியும் பதிந்திருக்கின்றன; பலருக்கு அதுவே அந்தப் பதிவின் அழகு. அதற்கு முந்தைய ஆண்டில் பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸோ, ரசிகர்களே இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்தில், கிளப்பில் இருப்பதுபோலப் பாவித்து, கைதட்டவும் பானம் அருந்தவும் வேண்டாம் என்று கண்டிப்புடன் அறிவித்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினார். இரண்டுக்கும் நடுவே நமக்கு ஒரே ஒரு விதி போதும்: பாஸ் சோலோவின்போது பேசாதீர்கள். மற்ற வாத்தியங்கள் தணிந்துவிடுவதால் இடைவேளை வந்துவிட்டது என்றெண்ணி மேசைகள் பேசத் தொடங்குவது அங்கேதான். இருப்பதிலேயே மெல்லிய குரல் கொண்ட வாத்தியமும் அதுதான்.

கைபேசியின் ஒளி இருட்டறையில் எவ்வளவு உறுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இசைக் கட்டணம் ஒரு செட்டுக்கா, இரவு முழுவதற்குமா என்பதை முன்பே கேட்டுவிட்டால் மனத்தாங்கல் வராது. இரவு முழுவதற்கும் என்றால், முதல் செட்டோடு கிளம்பிவிடாதீர்கள். கலைஞர்கள் அறையின் ஒலிக்கும் ஒருவருக்கொருவரும் பழகி, துணிந்து வாசிப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான். இடைவேளையில் அவர்களிடம் பேசத் தயங்க வேண்டாம். அவர்களுக்கும் ஓய்வு தேவை என்பதால் சுருக்கமாகப் பேசுங்கள். 'நன்றாக இருந்தது' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பாடலில் எந்த இடம் பிடித்தது என்று சொன்னால், அந்த இடத்தில் தான் என்ன முயன்றேன் என்பதை அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.