இந்தி மெட்டுக்குள் தமிழ் வரியை உட்காரவைப்பது எப்படி?

மும்பையில் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து அந்தேரி ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் பன்னிரண்டு வருடமாகப் போய்வருகிறேன். இந்தி விளம்பரப் பாட்டுகளுக்குத் தமிழில் வரி எழுதுகிற வேலை. கவிஞர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'தமிழ்வாலா ஆ கயா', தமிழ்க்காரன் வந்துட்டான் என்பார்கள், அவ்வளவுதான்.

புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் இந்தி வரிக்கு அர்த்தம் கேட்கிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மெட்டை முதலில் தத்தகாரமாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள்: தன்னன தானா, தனதன தானா. நான் மாஹிமில் ஸ்லோ ரயில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவேன். ஐந்தாவது நிறுத்தம் அந்தேரி. அதற்குள் குரல் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பிடிபட்டுவிடும். பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

குரல் நிற்கிற இடத்துக்கு நெடில் வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இங்கே அது காசு விவகாரம். ஒரு தலைமுடி எண்ணெய்க்கு எழுதும்போது, நாலு தாளத் தட்டுக்கு இழுக்கிற இடத்தில் 'முடி' என்று வைத்தேன். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. பாடகி இழுத்ததும் 'மூடி' ஆகிவிட்டது. நாள் முழுக்கக் கேட்ட காதுக்கு அது உறைக்கவே இல்லை. சென்னையிலிருந்து கம்பெனிக்காரர் போன் போட்டார்: "இது எண்ணெய்க்குப் பாட்டா, பாட்டில் மூடிக்குப் பாட்டா?" மறுபடி பதிவு செய்த செலவில் பாதியை எனக்கு வர வேண்டிய தொகையில் பிடித்துக்கொண்டார்கள்.

'கூந்தல்' என்று வைத்திருக்கலாம். எவ்வளவு இழுத்தாலும் கூ கூதான். மெல்லின, இடையின மெய்களும் நீட்டத் தாங்கும். ம், ன், ல் எல்லாம் வாயில் நிற்கும். க், ட், ப் நிற்காது, வெட்டிவிடும். ஓடுகிற இடத்தில் அவை வந்தால் மேளம் தட்டினதுபோல் இருக்கும். பழக வேண்டுமென்றால் 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய 'தூங்காதே தம்பி'யை எடுத்து, அதே மெட்டில் உங்கள் வீட்டுக் காய்கறிக் கணக்கை எழுதிப் பாருங்கள். 'தே' இருக்கிற இடத்தில் வேறு நெடில் கிடைக்காமல் திண்டாடுவீர்கள். இருபத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு அது எப்படி வந்ததோ.

அடுத்த தொல்லை, பாடுகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தேவநாகரியில் எழுதிக் கொடுப்போம். இந்தி எழுத்தில் எ, ஒ என்ற குறில் கிடையாது. 'பெண்' என்று நினைத்து எழுதினால் 'பேன்' என்று பாடுவார்கள். எண்ணெய் விளம்பரத்தில் இது வந்தால் தொழிலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். நான் 'மங்கை' போட்டுத் தப்பித்துக்கொள்வேன். ழகரத்துக்கு ஆசைப்படாதீர்கள். பாட்டுக்கு ஒன்று போதும். அந்த ஒன்றுக்கே பாடகர் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாக்கை மடித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

திரையில் நடிகை பாடுகிற மாதிரி எடுத்திருந்தால், ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டுங்கள். உதடு மூடுகிற இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். அங்கெல்லாம் ப அல்லது ம வர வேண்டும். இதழ் இயைந்து பிறப்பவை இவை என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குளோசப் இல்லாவிட்டால் இதற்கு மெனக்கெட வேண்டாம்.

பணம்: விளம்பரத்துக்கு பெரும்பாலும் ஒரே தொகைதான். பாதியையாவது முன்பணமாக வாங்குங்கள். சினிமாப் பாட்டு கிடைத்தால் கதை வேறு. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, படப்பாடல் தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது ராயல்டியில் எழுதியவருக்கும் சம பங்கு உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் செல்லாது. அந்தப் பணத்தை வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 1969இல் தொடங்கியது, அலுவலகம் இதே மும்பையில்தான். உறுப்பினராகி, பாட்டையும் பதிவு செய்துவையுங்கள்.

கடைசியாக, அனுப்புவதற்கு முன்னால் யாருக்காவது பாடிக் காட்டுங்கள். எனக்குத் திருநெல்வேலி அத்தை இருக்கிறாள். இந்தி ஒரு சொல் தெரியாது. போனில் ஒரு தடவை பாடுவேன். "ஏல, என்னத்த விக்கானுவ?" என்று கேட்டால் மறுபடி மாஹிமிலிருந்து தொடங்குவேன்.