தேய்ந்த பம்ப் இம்பெல்லரைப் புதிதாகச் செய்வது எப்படி?

பம்ப் பழசு, அந்த மாடல் இப்போது வருவதில்லை, டிராயிங்கும் இல்லை. பழைய இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) அளந்துதான் புதியதைச் செய்தாக வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் உடனே 3டி ஸ்கேனரைத் தேடுவார்கள். ஸ்கேனர் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும்; நமக்கு வேண்டியதோ தேய்வதற்கு முந்தைய உருவம்.

1. கழற்றும்போது
சுற்றும் திசை, பெயர்ப்பலகையில் உள்ள ஹெட் (பம்ப் நீரை ஏற்றும் உயரம்), ஆர்பிஎம், ஆம்பியர், இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் (வெளிக்கூடு) உள்ள இடைவெளி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கை அளவு
இம்பெல்லரின் நடுத்துளையான போர் லூசாகியிருக்கும், அதை நம்ப வேண்டாம். அது மாட்டும் சுழல்தண்டான ஷாஃப்டில் தேயாத இடமாகப் பார்த்து மைக்ரோமீட்டர் வையுங்கள். 24.98 மி.மீ. வந்தால் அது 25. 25.38 வந்தால் அங்குலக் கணக்கில் செய்த மெஷின், அதாவது 25.4. சாவிப்பள்ளம் (இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) 8.3 காட்டினாலும் 25 மி.மீ. ஷாஃப்டுக்கு 8 மி.மீ. சாவிதான் வழக்கம்.

வெளிவிட்டத்தில் இன்னும் கவனம் தேவை. ஹெட் ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 200 மி.மீ. இருக்க வேண்டியது 196 ஆனால் ஹெட் சுமார் 4 சதவீதம் போய்விடும்.

3. ஸ்கேன்
பளபளப்பான பரப்பில் மேட் ஸ்பிரே அடியுங்கள். இருபுறமும் மூடிய இம்பெல்லர் என்றால் உள்ளே இருக்கும் வேன்கள் (நீரைத் தள்ளும் வளைந்த தகடுகள்) ஸ்கேனருக்குத் தெரியாது. மற்ற அளவெல்லாம் எடுத்து முடித்தபின் முன்பக்கத் தகட்டை லேத்தில் கடைந்து எடுத்துவிடலாம். எப்படியும் பழைய இரும்புக்குத்தானே போகப்போகிறது!

4. கேட் (CAD, கணினியில் வரைவது) வரைவு
வேலையின் உயிர் இங்கேதான். முதலில் போரின் மையக்கோட்டை இசட் அச்சோடு பொருத்துங்கள். அச்சு சாய்ந்தால் பின்னால் எதுவும் சரிவராது. வேன்களில் நன்றாக இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்து, அதன் வளைவை வெட்டுமுகங்களில் வரைந்து, எண்ணிக்கைக்கு ஏற்பச் சுற்றி நகலெடுங்கள். கனத்தை வேனின் அடிப்பாகத்திலிருந்து எடுங்கள். நீர் நுழையும் முனையும் வெளிநுனியும் அரித்திருக்கும். பிறகு வரைவை ஸ்கேன் மேல் வைத்து வித்தியாசம் பாருங்கள். அந்த முனைகளில் வித்தியாசம் வருவது இயல்பு. அரிக்க வாய்ப்பில்லாத இடத்தில் வந்தால் வரைவுதான் தப்பு.

5. வார்ப்பு
பிளாஸ்டிக்கில் ஒன்று பிரிண்ட் எடுத்துக் கேசிங்கில் மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள். அதன்பின் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி உரு. உலோகம் ஆறும்போது சுருங்கும், அந்த அளவு பேட்டர்ன் பெரிதாக இருக்க வேண்டும்: வார்ப்பிரும்புக்கு சுமார் 1 சதவீதம், கன்மெட்டலுக்கு (ஒரு வகை வெண்கலம்) 1.5 பக்கம். துல்லியமான எண்ணை உங்கள் ஃபவுண்டரியில் கேளுங்கள். கடைசல் வரும் இடங்களில் 2 முதல் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். கடைந்தபின் பேலன்சிங் (சுற்றும்போது அதிராதபடி எடையைச் சமன்செய்வது) கட்டாயம்.

6. ஓட்டம்
வால்வை மெதுவாகத் திறந்தபடி ஆம்பியரைக் கவனியுங்கள். பெயர்ப்பலகையைத் தாண்டினால் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் கடைந்து குறைக்கலாம். கடைந்ததைத் திரும்பக் கூட்ட முடியாது என்பதால், முதல் வார்ப்பில் விட்டத்தை ஓரிரு மி.மீ. அதிகமாகவே வைப்பது என் வழக்கம். கேசிங்கில் இடம் இருந்தால் மட்டும்.