கைக்கு வரும் சம்பளம்: கணக்கில் எங்கே தவறுகிறோம்?

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ முதல் வேலைக்குச் சேருகிறவர்களில் பலர், ஆஃபர் லெட்டரில் உள்ள ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அதை நம்பியே வாடகை வீடும் பைக் தவணையும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தத் தொகை சிடிசி. நிறுவனம் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தமும் அதில் அடக்கம். எல்லாமே கைக்கு வராது.

சிடிசி 4,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கில் 40,000. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 18,000 என்றால், அதில் 12 சதவீதம், அதாவது 2,160 ரூபாய், நிறுவனத்தின் பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 866. இரண்டும் போக சம்பளச் சீட்டில் வருவது 36,974. அதில் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 2,160 போனால் மிச்சம் 34,814. வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லாமலே ஐயாயிரத்துக்கு மேல் குறைந்துவிட்டது! அதனால் சேரும் முன்பே மாதம் கையில் எவ்வளவு வரும் என்று எச்ஆரிடம் பிரித்துக் கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐக்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1,250 ரூபாய். மொத்தமாகப் பிடிக்கும் மாதத்தில் சம்பளம் குறைந்தால் பதற வேண்டாம்.

அடுத்தது வருமான வரி முறை. புதியது, பழையது என இரண்டு உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். அதில் எல்ஐசி பிரீமியத்துக்கோ வீட்டு வாடகைக்கோ கழிவு கிடையாது. இது தெரியாமல் மார்ச் மாதம் அவசர அவசரமாகப் பாலிசி எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. பழைய முறையில் இருப்பவர்கள் வாடகை ரசீதைக் கேட்ட தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் கடைசி இரண்டு மூன்று மாதச் சம்பளத்தில் வரி மொத்தமாகப் பிடிபடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆண்டின் நடுவில் வேலை மாறும்போது பழைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்காமல் விடுவது. 2025-26 நிதியாண்டில் ஒருவர் புதுச்சேரியில் ஆறு மாதம் மாதம் ஒரு லட்சம் வாங்கிவிட்டு, அக்டோபரில் சென்னைக்கு 1,40,000 ரூபாய் சம்பளத்துக்குப் போகிறார். புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணக்கிட்டு எதுவும் பிடிக்காது. இரண்டாவது நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது 8.4 லட்சம்தான், அங்கும் பிடித்தம் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் 14.4 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 13.65 லட்சத்துக்கு வரி, செஸ்ஸும் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சேர்த்து 88,140 ரூபாய். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதை வட்டியோடு ஒரேயடியாகக் கட்ட வேண்டும். சேர்ந்த வாரமே விவரத்தைக் கொடுத்திருந்தால் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும்.

அப்புறம், வேலை மாறும் கையோடு பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டு தொடர் பணி முடியும் முன் எடுத்தால் பொதுவாக அதற்கும் வரி உண்டு. புதிய நிறுவனத்திடம் அதே யுஏஎன் எண்ணை (பிஎஃபுக்கான உங்கள் நிரந்தர எண்) கொடுத்தால் பழைய இருப்பைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.