கிராம சர்வே கணக்கு: நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங் மாணவர்கள் ஊருக்குள் போய் வீடு வீடாக சர்வே எடுக்கும் கம்யூனிட்டி போஸ்டிங் முடியப்போகிற கடைசி இரண்டு நாளில்தான் கூத்தே நடக்கும். சர்வே படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், ஒருத்தி எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி ஸ்கெட்ச் பேனாவோடு பை சார்ட் வரையத் தயாராக இருப்பாள், "மொத்தம் எத்தனை பேருக்குடி சுகர்?" என்று கேட்டு, வந்த எண்ணை மொத்த மக்கள்தொகையால் வகுத்துவிடுவார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 வீடு, 480 பேர், சர்க்கரை இருப்பவர்கள் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம். ஆனால் அந்த 480-இல் அங்கன்வாடிப் பிள்ளையும் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையும் உண்டு. 30 வயதைத் தாண்டியவர்கள் 240 பேர்தான் என்றால் அதே 24 பேர் 10 சதவீதம். அந்த 240 பேரிலும் சர்க்கரை பார்த்துக்கொண்டவர்கள் 150 பேர்தான் என்றால் 16 சதவீதம் (சந்தேகம் வந்தவர்கள்தான் முதலில் போய்ப் பார்த்திருப்பார்கள், அதனால் இது கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்). ஊர் ஒன்று, ஆட்கள் அதே 24 பேர், விடை மட்டும் மூன்று. எதை எழுதினாலும் எத்தனை பேரில் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம், நீங்கள் யாரைப் பார்த்தீர்கள் என்பது. காலை பத்து மணிக்கு பேக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் திண்ணையில் இருப்பது தாத்தாவும் பாட்டியும்தான். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போயிருப்பார்கள். அந்தக் கணக்கை வைத்து "இந்த ஊரில் பாதிப் பேருக்கு பி.பி." என்று எழுதினால் அது ஊரைப் பற்றிய செய்தியே இல்லை, திண்ணையைப் பற்றிய செய்தி. பூட்டிய வீடுகளை எண்ணிக் குறித்து வையுங்கள், சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கர்ப்பிணிகள் கணக்கிலும் இதே கதைதான். உங்கள் படிவத்தில் இரண்டு பேர், வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவின் பதிவேட்டில் பிக்மி எண்ணோடு (அரசின் கர்ப்பப் பதிவு எண்) ஐந்து பேர் என்று வந்தால் அக்கா தப்பாக எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று பேர் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கும் பெண்களை நீங்கள் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பி.பி. எழுதிய பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள்: 120/80, 110/70, 120/80, 130/80. எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால் அளந்ததே சந்தேகம். இன்னொன்று, மாத்திரை போட்டு இன்றைக்கு 130/80 காட்டுபவரை "பி.பி. இல்லை" பக்கம் தள்ளிவிடுகிறார்கள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களோடு மாத்திரை எடுப்பவர்களையும் சேர்த்துத்தான் எண்ணியது. நீங்கள் ஒரு மாதிரி எண்ணிவிட்டு அதோடு ஒப்பிட்டால் எப்படிச் சரியாக வரும்?

வெற்றுக் கட்டங்களை "இல்லை" என்று நிரப்புவது தனி வியாதி. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்காமல் வந்தது "கேட்கவில்லை" என்றுதான் பதிவாக வேண்டும்.

சின்ன எண்களில் பெரிய விகிதம் போடாதீர்கள். உங்கள் தெருக்களில் ஒரு வருடத்தில் 6 குழந்தைகள் பிறந்து ஒன்று இறந்திருந்தால், சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 167 என்று எழுதுவது கணக்குப்படி சரி, ஆனால் அபத்தம். "6-இல் 1" என்று எழுதிவிட்டு, அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று விசாரியுங்கள். அதேபோல, 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசின் திட்டம் தொடங்கிய பிறகு வீட்டு வாசலிலேயே பரிசோதனை நடக்கிறது, ஆகவே அதற்கு முந்தைய பேட்ச் அறிக்கையைவிட சர்க்கரை நோயாளிகள் கூடித் தெரிந்தால் நோய் பரவிவிட்டது என்று அவசரப்படாதீர்கள், கண்டுபிடிப்பது கூடியிருக்கலாம்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது மொத்தச் சராசரி. "80 சதவீத வீடுகளில் குழாய்த் தண்ணீர்" என்று பச்சை நிறத்தில் பெரிய பை சார்ட். தெருவாரியாகப் பிரித்தால் ஊர்த்தெருவில் அத்தனை வீட்டிலும் குழாய் இருக்கும், இல்லாத 20 சதவீதமும் காலனியில் இருக்கும். பிரிக்காமல் விட்டால் பிரச்சினையே தெரியாது.

கடைசியில் எந்த ஊராக இருந்தாலும் "அறிவுக் குறைபாடு" (அதாவது, மக்களுக்கு விவரம் தெரியவில்லை) என்று ஒரே நோயறிதலை எழுதி ஃப்ளாஷ் கார்டு காட்டிவிட்டு வருவதும் நடக்கிறது. ஒரு வீட்டில் "கழிப்பறை இருக்கிறதா?" என்ற கேள்விக்கு டிக் அடித்திருந்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் விறகு. கழிப்பறையின் அவசியத்தை எங்கள் மாணவி விளக்கத் தொடங்கியதும் அந்த அம்மா சொன்னார்: "எல்லாம் தெரியும் கண்ணு. ஊத்தத் தண்ணி அரைக் கிலோமீட்டர்ல இருந்து யாரு தூக்கியாறது?"